400 ஓலைப் பெட்டி, ரெண்டு மெயில், 4000 ரூபாய் நட்டம்

நேத்துதான் அக்கவுண்ட்ல பணம் ஏறுச்சு. மனசு ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன், நம்ம பக்கம் சின்னதா தொழில் பண்றவங்க யாருக்காச்சும் உதவும்.

ஏர்வாடி பக்கம் பனை ஓலைப் பெட்டி பண்றோம், நானும் எங்க தெரு அக்காங்க ஆறு பேரும். போன தீபாவளிக்கு சென்னையில ஒரு ஸ்வீட் கடைக்காரங்க 400 பெட்டி கேட்டாங்க. போன்ல எல்லாம் நல்லாத்தான் பேசினாங்க, "விவரத்தை மெயில்ல போட்டுருங்கம்மா"ன்னாங்க.

மொதல்ல பெட்டி 85 ரூபாய்னு மெயில் போட்டேன். அப்புறம் மூடியும் வேணும்னு சொன்னதால 95னு இன்னொரு மெயில். பழைய மெயிலுக்கு ரிப்ளையா போடாம புதுசா எழுதுனேன் பாருங்க, அதான் பெரிய தப்பு. ரெண்டுலயும் சப்ஜெக்ட்டும் எழுதல. பர்ச்சேஸ்ல இருக்கிறவர் கண்ணுல பழசுதான் பட்டிருக்கு, 85 போட்டே பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வந்துருச்சு, நானும் படிச்சுப் பாக்காம "ஓகே சார்"னு அனுப்பிட்டேன். பெட்டிக்கு 10 ரூபாய்னா 400க்கு 4000 போச்சு. மூடி முடைஞ்ச கூலியை அக்காங்ககிட்ட குறைக்க மனசு வரல, கையில இருந்துதான் கொடுத்தேன்.

சரி போகட்டும்னு பாத்தா மிச்சப் பணமும் வரல. "பேமெண்ட் பாத்து போடுங்க சார்"னு ரெண்டு மெயில் போட்டும் ஒரு பதில் இல்ல. சேது எக்ஸ்பிரஸ் ஏறி நேர்லயே போயிட்டேன். ரொம்ப நேரம் உக்கார வச்சுட்டு அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுனார். நான் பில்லை போட்டோ எடுத்து கூகுள் டிரைவ் லிங்கா அனுப்பியிருக்கேன், அதைத் தொட்டா பெர்மிஷன் கேக்குது. அவங்க அனுமதி கேட்டது என் மெயில்ல வந்து கிடக்கு, விளம்பரம்னு நெனச்சு நான் திறக்கவே இல்ல. "பிஓ நம்பரும் இல்ல, எந்த பில்லுன்னு எப்படிம்மா தேடுறது"ன்னார். அவர் சொன்னது நியாயந்தான், ஆனா இதையே ஒரு வரி ரிப்ளையில சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு நாள் பொழப்பு கெட்டிருக்காது.

நம்மகிட்ட போன்ல பேசுறவங்க வேற, காசு போடுறவங்க வேற. மெயில் நாலு பேர் கை மாறித்தான் போகுது, நம்மளைத் தெரியாத ஒருத்தர் அந்த ஒரு மெயிலை மட்டும் திறந்தாலும் அவர் வேலை முடியணும். ஊருக்கு வந்ததும் அப்படியே எழுதுனேன். சப்ஜெக்ட்லயே பிஓ நம்பர், பில் நம்பர், பாக்கித் தொகை. பில்லை பிடிஎஃப் ஆக்கி நேரா அட்டாச் பண்ணிட்டேன், ஜிமெயில்ல 25 எம்பி வரைக்கும் போகும், ஒரு பில்லுக்கு லிங்க் எதுக்கு? (சாம்பிள் போட்டோ நெறைய இருந்து லிங்க்தான் அனுப்பணும்னா, வீட்ல வேற யாரு போன்லயாவது திறக்குதான்னு பாத்துட்டு அனுப்புங்க.)

அப்புறம் முக்கியமான ஒரு வரி சேத்தேன். எங்களது உத்யம்ல (சின்னத் தொழிலுக்கான அரசாங்கப் பதிவு) பதிஞ்ச குறுந்தொழில், 2006 குறு, சிறு தொழில் சட்டப்படி பணம் கொடுக்க சரக்கை ஏத்துக்கிட்டதுல இருந்து 45 நாள் தாண்டக் கூடாது, எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்தான், இப்ப 70 நாள் ஆச்சு, எந்தத் தேதியில வரும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னு. சண்டை மாதிரி இல்லாம மரியாதையாத்தான் எழுதுனேன். மூணாம் நாளே தேதி போட்டு ரிப்ளை வந்துச்சு, சொன்ன தேதியில பணமும் வந்துருச்சு!

இப்ப வேற ஒருத்தர் கல்யாணத் தாம்பூலத்துக்கு 250 பெட்டி கேட்டிருக்கார். பிஓ வந்ததும் விலை, எண்ணிக்கை, தேதி மூணையும் என் மெயிலோட வச்சுப் பாத்தேன். தேதி ரெண்டு நாள் முன்னாடி போட்டிருந்தாங்க. அதே மெயில்ல ரிப்ளை போட்டு திருத்தி வாங்குன பிறகுதான் சாயம் வாங்க ஆள் அனுப்புனேன்.