அக்கா, தம்பி, ஒரு சிம்மாசனம்

ஜூன் 3

எகிப்து அரசி கிளியோபாட்ராவைப் பற்றிப் படிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் நாளே அவளுடைய தம்பியிடம் மாட்டிக்கொண்டேன். 13ஆம் தாலமி. கி.மு. 51இல் அப்பா இறந்தபோது அவனுக்கு 10 வயது இருக்கும், அவளுக்கு 18. இருவரும் சேர்ந்து ஆள வேண்டும், ரோம் அதற்குக் காவல் நிற்க வேண்டும் என்று அப்பா உயில் எழுதி வைத்திருந்தார்.

அந்த அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. கி.மு. 58இல் மக்கள் எதிர்ப்புக்குப் பயந்து ரோமுக்கு ஓடியவர். அவர் இல்லாத நேரத்தில் மூத்த மகள் பெரனிகே அரியணை ஏறினாள். 10,000 தாலந்து (வெள்ளியை எடைபோட்ட பழைய அளவு, பெரும் தொகை) தருவதாகச் சொல்லி ஒரு ரோமானியத் தளபதியைக் கூட்டிக்கொண்டு 55இல் திரும்பி வந்தார், பெற்ற மகளையே கொன்றார். அப்போது கிளியோபாட்ராவுக்கு 14 வயது, இந்தப் பையனுக்கு 6. அந்த வீட்டில் அரிச்சுவடியே இப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

ஜூன் 5

10 வயதுப் பையன் எங்கே ஆளப்போகிறான்? ஆண்டது மூன்று பேர்: அரண்மனை அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த போதினஸ், படைத்தளபதி அக்கில்லஸ், பையனுக்குப் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த தியோடோட்டஸ்.

ஆட்சியின் முதல் வருட ஆவணங்கள் சிலவற்றில் அக்கா பெயர் மட்டும்தான் இருக்கிறது. கி.மு. 50 அக்டோபர் 27 தேதியிட்ட ஓர் ஆணையில் முறை மாறிவிட்டது. முதலில் அரசன், அப்புறம்தான் அரசி. அந்த வருடங்களில் நைல் சரியாகப் பெருகவில்லை, விளைச்சல் இல்லை. நாட்டின் நடுப்பகுதியில் வாங்கும் தானியம் அலெக்சாண்ட்ரியாவுக்கு மட்டுமே போக வேண்டும், வேறெங்காவது கொண்டுபோனால் மரண தண்டனை என்கிறது ஆணை. கிராமம் பட்டினி கிடந்தால் கிடக்கட்டும், தலைநகர ஜனங்கள் கொதித்தெழுந்துவிடக் கூடாது. தானியம் யாருக்கு என்ற ஓலையில்தான் அக்காவின் பெயர் கீழே இறங்கியிருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஜூன் 6

கரண்ட் இல்லை. படிக்கவில்லை.

ஜூன் 8

அக்காவைத் துரத்திவிட்டார்கள். சிரியாப் பக்கம் போய்ப் படை திரட்டிக்கொண்டு வந்தாள். கி.மு. 48இல் எகிப்தின் கிழக்கு எல்லையில் உள்ள பெலூசியம் அருகே அக்கா படையும் தம்பி படையும் எதிரெதிரே நிற்கின்றன. அந்த நேரம் பார்த்து, ரோமானியத் தளபதி சீசரிடம் உள்நாட்டுப் போரில் தோற்ற இன்னொரு தளபதி பாம்பே அடைக்கலம் கேட்டுக் கடல்வழியாக வந்து சேர்கிறார். செத்தவன் கடிக்க மாட்டான் என்று யோசனை சொன்னவர் தியோடோட்டஸ். செப்டம்பர் 28 அன்று படகிலேயே குத்திக் கொன்றார்கள்.

சில நாளில் வந்த சீசரிடம் தலையைக் காட்டினார்கள். அவர் மகிழவில்லை, அழுதாராம். பிறகு அரண்மனையில் தங்கிக்கொண்டு அப்பா வைத்த கடனைக் கேட்டார். அழுகை ஒரு பக்கம், வசூல் ஒரு பக்கம்.

(இந்த செப்டம்பரை நம்ப வேண்டாம். ரோமானிய நாட்காட்டி அப்போது பருவத்தைவிட இரண்டு மாதம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் கோடைக்காலம். அதைச் சரிசெய்ததும் பிற்பாடு சீசர்தான்.)

ஜூன் 11

அக்கா கம்பளத்தில் சுருட்டி வந்தாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்வது படுக்கை கட்டும் பை. சிசிலிக்காரர் அப்பொலோடோரஸ் அதைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குள் போனார்.

இந்தக் காட்சியில் எல்லோரும் சீசரையும் அவளையும்தான் பார்க்கிறார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். பெலூசியத்தில் இருக்கிறாள் என்று நினைத்த அக்கா, சீசர் பக்கத்தில் நிற்கிறாள். அவன் தெருவுக்கு ஓடி, மோசம் போனேன் என்று கத்தி, தலையில் கட்டியிருந்த அரசப் பட்டையைப் பிய்த்து எறிந்தானாம். 13 வயதுப் பிள்ளைக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

ஜூன் 14

சீசரிடம் இருந்தது சுமார் 3,200 காலாட்படை, 800 குதிரை வீரர். அக்கில்லஸ் 20,000 பேரோடு வந்து நகரத்தை வளைத்தார். போதினஸைச் சீசர் கொன்றார். கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோ தப்பி ஓடித் தன்னை அரசி என்று அறிவித்துக்கொண்டாள். அவள் தரப்பு அக்கில்லஸைத் தீர்த்துக்கட்டியது. அவளுடைய ஆள் கனிமீட், சீசர் பகுதிக்குப் போகும் கால்வாய்களில் கடல்நீரைக் கலந்துவிட்டார். ரோமானியர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிணறு தோண்டி நல்ல தண்ணீர் கண்டார்கள்.

அர்சினோவின் ஆட்சி சலித்துப்போய், எங்கள் ராஜாவை அனுப்புங்கள் என்று நகரத்தார் கேட்டார்கள். சீசர் சம்மதித்தார். பையன் அழுதான், என்னை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினான். வெளியே போனதும் முழு மூச்சாகச் சண்டை போட்டான். அந்தக் கண்ணீர் ஆனந்தக் கண்ணீராக இருக்கும் என்று சீசர் தரப்பு எழுதிவைத்திருக்கிறது.

எனக்கு ஒப்பவில்லை. வளர்த்தவர்களில் ஒருவரை உள்ளே கொன்றார்கள், இன்னொருவரை வெளியே கொன்றார்கள். உள்ளே இருப்பவள் அக்கா, வெளியே காத்திருப்பவள் இன்னொரு அக்காவோ தங்கையோ, வயதுக் கணக்கு எப்படியிருந்தாலும் அரசியாகத் துடிப்பவள். நிஜமாகவே பயந்து அழுதிருப்பான்.

ஜூன் 15

கி.மு. 47 தொடக்கம். பெர்கமத்து மித்ரிடேட்டஸ் தலைமையில் சீசருக்குத் துணைப்படை வந்தது. நைல் கரைப் போரில் தம்பி தோற்றான். ஓடிவந்தவர்கள் எல்லாம் அவன் படகில் ஏற, பாரம் தாங்காமல் கவிழ்ந்தது. சேற்றில் கிடந்த உடலைத் தங்கக் கவசத்தை வைத்து அடையாளம் கண்டார்களாம்.

அக்காவோடு சேர்ந்து ஆள இன்னொரு தம்பியை உட்காரவைத்தார் சீசர், 14ஆம் தாலமி. அவனுக்கு 12 வயது இருக்கும்.

அர்சினோவைச் சங்கிலியில் ரோமுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். அவள் கதையை நாளைக்கு எடுக்க வேண்டும்.