வேலை ஓய்ந்த பிறகு: டர்பன் நாட்குறிப்பு

மார்ச் 2, திங்கள்

முப்பது வருஷம் டீச்சர், கிளார்க், நர்ஸ் என்றே அறியப்பட்டவர்களுக்கு, வேலை ஓய்ந்ததும் "இப்ப என்ன செய்றீங்க?" என்று யாராவது கேட்டால் பதில் வராது. தோட்டம், கோயில், பேரப்பிள்ளைகள் எல்லாம் நல்லதுதான். ஆனால் பொழுது போவது வேறு, நான் யார் என்று தெரிவது வேறு. அந்தத் தேடலைத் தொடங்க நமக்கு ஓர் இடம் உண்டு: 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் கப்பல் பட்டியல்.

மார்ச் 5, வியாழன்

முதலில் வேண்டியது காலனி எண். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பழைய கல்யாணப் பத்திரம், பிறப்புப் பத்திரம் எதிலாவது இருக்கும். இல்லையென்றால், சொத்து விட்டு இறந்தவரின் கோப்பை பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பேர், பிறந்த இடம், பிள்ளைகள் விவரம் வரும். வீட்டில் வயசான பெரியம்மா இருந்தால் அவரிடம்தான் முதலில் போக வேண்டும், காகிதம் காத்திருக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

எண் கிடைத்தால் ஒரே வரியில் ஓர் ஆள் எழுந்து வருவார்: பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்திலும் விசாரிக்கலாம்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிட்டன. முனுசாமிகளுக்கோ கணக்கே இல்லை. பேர் ஒத்தால் மட்டும் போதாது; தகப்பன் பேர், ஜில்லா, வயது மூன்றும் பொருந்த வேண்டும். வயதில் இரண்டொரு வருஷம் முன்பின் இருக்கலாம். 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூரோடு நிற்காதீர்கள். திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆந்திரத்துச் சித்தூர் வரை தேட வேண்டும்.

மார்ச் 14, சனி

இத்தனை வருஷ வேலைப் பழக்கம் இங்கே வீண்போகாது. கோப்பு பார்த்தவர் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, எந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்று ஓரத்தில் குறிக்கட்டும். நர்ஸ் வேலை பார்த்தவருக்குக் கிறுக்கல் கையெழுத்து பழகியிருக்கும். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை இதற்கென்றே வையுங்கள்.

மார்ச் 17, செவ்வாய்

அப்பா வழியை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இது பெருங்குறை. கப்பலேறி வந்த பெண்களுக்கும் தனி எண், தனி ஊர் உண்டு. அம்மா வழிப் பாட்டியின் தாயை இந்த வாரமே தொடங்குங்கள். கையிலுள்ள போட்டோவின் பின்புறம் பேரைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் கறையாகும்.