வலிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்

மார்ச் 4, 2024 – திருவனந்தபுரம்
பாப்பாவின் தலை முழுக்க ஒயர் ஒட்டினார்கள். ஒவ்வொன்றின் மேலும் சின்னத் துணித்துண்டு, அதன் மேல் பசை. "எனக்கு ஜடை போடுறாங்களாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். இனி இரவும் பகலும் வீடியோ ஈஈஜி: மூளையின் மின்னோட்டத்தையும் பாப்பாவின் அசைவையும் சேர்த்துப் பதிவு செய்யும் பரிசோதனை.

மார்ச் 5
மருந்தைக் குறைத்துவிட்டார்கள். நான்கு வருடமாக ஒரு வேளை மாத்திரை பிந்தினாலே பதறியவள் நான். இப்போது வலிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வந்தால்தான் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியுமாம். வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், போர்வையை விலக்க வேண்டும், கேமராவை மறைக்கக் கூடாது. கடைசியது முடியுமா தெரியவில்லை. வலிப்பு வந்தால் கை தானாகப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளத்தான் போகும்.

மார்ச் 6
அதிகாலை மூன்று மணிக்கு வந்தது. இடது கை விறைத்தது, வாய் கோணியது. அழுத்தினேன், விலகி நின்றேன். நினைவு இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் ஓடிவந்து பெயர் கேட்டார், "மாம்பழம், ஞாபகம் வச்சுக்கோ" என்றார். விடிவதற்குள் இன்னும் இரண்டு.

மார்ச் 9
டாக்டர் புது எம்ஆர்ஐ படத்தைக் காட்டினார். வலது முன்மூளையில் ஓரிடத்தில் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவே உள்ள கோடு கலங்கிக் கிடக்கிறது. ஃபோகல் கார்ட்டிகல் டிஸ்பிளாசியா. கருவிலேயே மூளைச் செல்கள் ஒழுங்காக அடுக்கப்படாத இடம். 1971-லேயே லண்டனில் இதை விவரித்து எழுதியிருக்கிறார்களாம். எங்கள் ஊரில் எடுத்த முதல் ஸ்கேனில் "நார்மல்" என்றுதான் எழுதியிருந்தது.

"நீங்க செஞ்சதால வந்ததில்லை" என்றார். கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என்று அத்தை சொன்னதை இத்தனை வருடம் சுமந்திருந்தேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். சரியான இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா என்று அப்போதே பார்க்க வேண்டுமாம். பாப்பா ஐந்து மருந்து பார்த்துவிட்டாள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 22 – நாகர்கோவில்
டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளை வைத்து நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வை நானும் கணவரும் படித்தோம். ஒரு வருடம் கழித்து வலிப்பே இல்லாதவர்கள் அறுவை செய்தவர்களில் 77 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7. ஆனால் அறுவை செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பும் வந்திருக்கிறது. அதில் கை கால் பலவீனம்தான் அதிகம். அந்த வரியை அவர் மூன்று முறை படித்தார். அப்புறம், "செஞ்சிடுவோம்" என்றார்.

ஜூன் 18
அறுவை சிகிச்சை ஏழு மணி நேரம். மூளையின் மேலேயே மின்முனை வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்தார்களாம். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள்.

ஜூலை 14
26 இரவுகள், ஒரு வலிப்புகூட இல்லை. மாத்திரை தொடர்கிறது. இடது கை இன்னும் தளர்வுதான், பிசியோதெரபி போகிறோம். இன்று அந்தக் கையால் சட்டையின் இரண்டு பொத்தான்களைப் போட்டாள். மூன்றாவதற்கு என்னிடம் வந்தாள்.