செக் கொடுத்துவிட்டால் சிஎஸ்ஆர் முடிந்ததா?

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு டிரஸ்டுக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, இந்த வருஷ சிஎஸ்ஆர் (லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் சட்டக் கடமை) முடிந்தது என்று ஃபைலை மூடுகிற கம்பெனிகள் நிறைய. உண்மையில் முடியவில்லை. டிரஸ்ட் அந்தப் பணத்தை மார்ச் 31-க்குள் வேலையில் இறக்கியிருந்தால்தான் அது செலவு. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதிலிலேயே இது இருக்கிறது.

முதலில் கணக்கு. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் எந்த ஒன்றைத் தொட்டாலும் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பொருந்தும். முந்தைய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதம் செலவிட வேண்டும். லாபம் 6, 9, 12 கோடி என்றால் சராசரி 9 கோடி, செலவு 18 லட்சம். இங்கே லாபம் என்பது 198-ஆம் பிரிவின்படி, வருமான வரியைக் கழிப்பதற்கு முந்தையது. வரி போக மீதியை எடுத்துப் போட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் சிஎஸ்ஆருக்குத் தனிக் குழு வேண்டாம், போர்டே பார்த்துக்கொள்ளலாம்.

18-இல் 12 லட்சம்தான் செலவானது என்று வைத்துக்கொள்வோம். மீதி 6 லட்சம் போர்டு ஏற்கெனவே 'தொடர் திட்டம்' (ஒரு நிதியாண்டைத் தாண்டி நடப்பது) என்று முடிவெடுத்த வேலைக்கானது என்றால், ஏப்ரல் 30-க்குள் அந்த ஆண்டுக்கென்று தனியாகத் திறந்த 'செலவிடாத சிஎஸ்ஆர்' வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து மூன்று ஆண்டுக்குள் செலவாக வேண்டும். தொடர் திட்டம் இல்லையென்றால் செப்டம்பர் 30-க்குள் பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்று, சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள நிதி ஒன்றுக்குப் போக வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அபராதம் இரு மடங்கு, அதாவது 12 லட்சம் (உச்சவரம்பு 1 கோடி). பொறுப்பான அதிகாரிகளுக்கும் தனி அபராதம் உண்டு.

தமிழ்நாட்டில் குளம் தூர்வாரும் திட்டத்தை எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் பல குளங்களில் மாசி வரை நிற்கும். பொக்லைன் இறங்க ஏப்ரல், மே ஆகிவிடும். சட்டத்தின் ஆண்டோ மார்ச்சில் முடிகிறது. ஒரே வருஷ வேலையாகத் தீர்மானம் போட்டால் அந்தப் பணம் குளத்துக்கு வராமல் டெல்லிக்குப் போகும். ஆகவே டிசம்பரிலேயே தொடர் திட்டம் என்று தீர்மானம் போட்டு, அளவெடுப்பு, எஸ்டிமேட், அனுமதி ஆகியவற்றை முடித்துவிடுவது நல்லது. குளம் ஊராட்சியினுடையதா நீர்வளத் துறையினுடையதா என்பதைப் பொறுத்து அனுமதி வாங்கும் இடம் மாறும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது. வரத்துக் கால்வாயைத் தொடாமல் குளத்தை மட்டும் ஆழப்படுத்துவதும் வீண்தான், ஆனால் ஃபோட்டோவுக்கு அழகாக இருக்கும்.

ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு, சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைப்படி வளாகத்தில் நட்ட மரங்கள் இவை சிஎஸ்ஆரில் சேராது. வேறு சட்டப்படி எப்படியும் செய்ய வேண்டியவை அவை. ஊழியர்களுக்கு மட்டுமான நலத்திட்டமும் சேராது. இன்னொன்று: சிஎஸ்ஆர் செலவை வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் கழிக்க முடியாது.

வெளி டிரஸ்ட் மூலம் செய்தால் அதன் 12ஏ, 80ஜி பதிவுகள் (வருமான வரித் துறையில்), மூன்றாண்டு அனுபவம், சிஎஸ்ஆர்-1 பதிவு எண் (கம்பெனி விவகார அமைச்சகத்தில்) இவற்றைப் பணம் அனுப்புமுன் பாருங்கள். கம்பெனியின் சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவு மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

தூர்வாரலில் மண் லாரிகளின் டிரிப் கணக்கை மட்டும் வைத்து பில் பாஸ் செய்ய வேண்டாம். தரை காய்ந்திருக்கும்போது வேலைக்கு முன்பும் பின்பும் லெவல் (குளத்துத் தரைமட்ட அளவு) எடுக்கச் சொல்லுங்கள். மழை விழுந்துவிட்டால், எடுத்த மண் எவ்வளவு என்று யாரும் அளக்க முடியாது. கடைசித் தவணையை இரண்டாவது லெவல் அறிக்கை கைக்கு வந்தபிறகு விட்டால் போதும்.