படிவத்தில் 'இல்லை' என்று போட்டேன்

முதுகுவலி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மலேசியாவில், பீடோர் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை ஆலையில், லாரிகளை எடை போடும் எடைப்பாலத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். வலி இடுப்பில் தொடங்கி இடது கால் கட்டைவிரல் வரை சுரீரென்று இறங்கும். கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அப்புறம் தைலம். அப்புறம் தாப்பாவில் ஒருவர் நன்றாக நீவிவிடுகிறார் என்று கேள்விப்பட்டு அவரிடமும் போனேன். எதற்கும் அடங்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நடுவில் இருக்கிற வட்டும் நரம்பும் தெரியாது, காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்றார் எலும்பு டாக்டர். அரசாங்க மருத்துவமனையில் என் முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஈப்போவில் ஒரு தனியார் இடத்தில் 800 வெள்ளிக்குப் பதிந்தோம்.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் தகடு, ஆணி ஏதும் வைத்திருக்கிறதா, கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்ததா? வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு கேள்வி: அடைபட்ட இடத்தில் பயம் உண்டா? பேனா கொஞ்சம் நின்றது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அதற்கும் 'இல்லை' என்று போட்டேன்.

பச்சைப் பொய். போர்வையை முகம் வரை இழுத்துப் போர்த்தி நான் தூங்கியதே கிடையாது. வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டேன். எல்லாருக்கும் தெரியும், தட்டிவிட்டுத்தான் வருவார்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கோப்பேங் பக்கம் குவா தெம்புரோங் குகைக்குப் போனோம். படிக்கட்டும் விளக்கும் இருக்கிற பகுதிவரை நன்றாகத்தான் நடந்தேன். அதற்கு மேல் தவழ்ந்து போகவேண்டும் என்றதும் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். சின்ன வயதில் எங்கேயாவது மாட்டிக்கொண்டீர்களா என்று டாக்டர் பிற்பாடு கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்துத் தூங்கியவன் நான். அப்போதெல்லாம் ஒன்றும் இல்லை. காரணம் என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை.

சரி, ஸ்கேன் அறைக்கு வருகிறேன். கதவைத் திறந்ததும் எனக்கு எங்கள் ஆலையின் அவிக்கும் உருளைதான் ஞாபகம் வந்தது. செம்பனை ஆலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குலைகளைக் கூண்டில் நிரப்பி, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய், படுக்கைவாட்டில் கிடக்கும் நீளமான இரும்பு உருளைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுவார்கள். உள்ளே நீராவி. ஒன்றரை மணி நேரம் வெந்தால்தான் பழம் குலையை விட்டு உதிரும். இருபத்திரண்டு வருடமாக அந்த வட்ட வாயைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கிட்டே போனதில்லை. இங்கேயும் ஒரு வட்ட வாய், அதற்குள் வழுக்கிக்கொண்டு போக ஒரு பலகை. கூண்டுக்குப் பதில் நான்.

பெல்ட், கைக்கடிகாரம், அரைஞாணில் இருந்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். தாயத்து போனதில் பாதித் தைரியம் போய்விட்டது. படுக்க வைத்து, காதில் பஞ்சுபோல் ஒன்றைச் செருகி, கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்தார்கள். தாங்க முடியாவிட்டால் அதை அமுக்க வேண்டும். "ஜாங்கான் கெராக், பாக்சிக்" என்றார் ஸ்கேன் எடுக்கும் பெண். அசையாதீர்கள் மாமா என்று மலாயில் சொல்கிறார். அசையாதே என்று சொல்லிவிட்டால் போதும், அதுவரை அசையாமல் கிடந்த கால்கூட அசையப் பார்க்கும்.

பலகை உள்ளே போனது. அங்கேதான் தப்புச் செய்தேன், கண்ணைத் திறந்தேன். வெள்ளைக் கூரை, மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இருக்காது. நான் விட்ட மூச்சு என் முகத்திலேயே திரும்பி வந்து பட்டது. இயந்திரம் இன்னும் சத்தம் போடவே ஆரம்பிக்கவில்லை. கையில் இருந்த உருண்டையை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். வெளியே இழுத்த பிறகும் அமுக்கிக்கொண்டிருந்தேனாம். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

"படிவத்தில் இல்லை என்றுதானே போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார் அந்தப் பெண். வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். பணம் எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை, இன்னொரு நாள் வரச்சொன்னார்கள். நெடுஞ்சாலையில் திரும்பும்போது அந்தக் குகை இருக்கும் சுண்ணாம்பு மலை பக்கத்திலேயே வந்தது. மகள் அதுவரை ஒன்றும் பேசவில்லை. மலையைத் தாண்டியதும், "கால்வலி இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா" என்றாள்.

அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? டாக்டரிடம் போய் அப்படியே சொன்னேன். அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. குறட்டை உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட, பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபாம் ஒரே ஒரு மாத்திரை எழுதினார். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும் என்றார். மகள் நாலைந்து இடத்துக்கு ஃபோன் போட்டுக் குழாயின் அகலத்தை விசாரித்தாள். நான் போன இடத்தில் 60 சென்டிமீட்டர். புதிய இயந்திரம் வைத்திருக்கும் இன்னொரு இடத்தில் 70. பத்து சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். முழங்கை இடிக்காமல் இருப்பதற்கு அந்தப் பத்துதான். குழாய்க்கு இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும், எந்தக் கதவையும் பூட்டமாட்டார்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

1977-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒருவருடைய மார்பை இந்த முறையில் படமெடுக்கக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆனதாம். "உங்களுக்கு 25 நிமிஷம்தானேப்பா" என்று படித்துக் காட்டினாள் மகள். அந்த மனிதர் எப்படிக் கிடந்தார் என்று நினைத்து எனக்கு ஒரு இரவுத் தூக்கம் போனது.

வீட்டுச் சாப்பாட்டு மேசையை அளந்து பார்த்தேன். அதன் நாலு பக்கமும் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, கீழே பாய் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு படுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டு நிமிடம், அப்புறம் நாலு. மனைவி அடுப்படியிலிருந்து, "என்னங்க, சாமி வந்துடுச்சா?" என்றாள். ஆறு நிமிடத்தில் சிக்கிக்கொண்டு மூன்று நாள் அங்கேயே நின்றேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாகச் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பத்தைத் தாண்டினேன். ஒரு நாள் பேரனும் விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டான். அன்றைக்கு இருபது நிமிடம், பாதி நேரம் அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது இடத்திலும் அதே மாதிரிப் படிவம். அந்தக் கேள்விக்கு 'உண்டு' என்று போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தேன். பெரிய வித்தியாசம் அந்தக் கோட்டினால்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஸ்கேன் எடுப்பவர் கொஞ்சம் வயதான மலாய்க்காரப் பெண்மணி, படிவத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். இடுப்புக்குத்தானே எடுக்கிறோம், கால் முதலில் போகட்டும், தலை வாசல் பக்கமே இருக்கும் என்றார். பலகை நகர்வதற்கு முன்பே கண்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டார். என்ன ஆனாலும் அதை எடுக்காதீர்கள் என்றார்.

மாத்திரை பயத்தைப் போக்கவில்லை. அதைப் பக்கத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

சத்தத்தைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். பலமான காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அவை அதிர்வதால் வருகிற சத்தமாம். ஆலையில் வேலை செய்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சத்தம் ஓடும்போது ஏதோ வேலை நடக்கிறது, முடிந்துவிடும் என்று இருந்தது. ஒரு சத்தம் நின்று அடுத்தது தொடங்குவதற்குள் வருகிற அந்த அமைதிதான் என்னை உலுக்கியது. அப்போதெல்லாம் ஒலிபெருக்கியில் அந்த அம்மாவின் குரல் வந்துவிடும். "இது மூன்று நிமிடம், பாக்சிக்." "இது நாலு." 25 நிமிடத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கையில் கொடுத்தது போல.

சத்தம் ஓடும்போது மனதுக்குள் லாரிகளை எடை போட்டேன். குலையோடு 12,480 கிலோ, காலி வண்டி 5,630, மிச்சம் 6,850. அடுத்த லாரி. முழு ஆயிரங்கள் என்றால் சுலபம் என்பதால் வேண்டுமென்றே கோணலான எண்களாக எடுத்தேன். ஒன்பதாவது லாரியில் மூக்கு அரித்தது. பத்தாவதில் இடுப்புப் பக்கம் கதகதப்பாக இருந்தது. உருளை, நீராவி என்று மனசு கிளம்பியது. லேசாகச் சூடு தெரியும், அது சாதாரணம் என்று அந்த அம்மா முன்பே சொல்லிவைத்திருந்தார். பதினோராவது லாரியை வரச்சொன்னேன்.

"ஹாபிஸ்", முடிந்தது, என்ற குரல் கேட்டும் துண்டை எடுக்கவில்லை. அவரே வந்து எடுத்தார். மனைவி கைப்பையைத் திறந்து முதலில் தாயத்தைத்தான் நீட்டினாள்.

இடுப்புப் பகுதியில் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம், பயிற்சி போதும் என்றிருக்கிறார்கள். கழுத்திலும் வலி இருப்பதால் அதற்கும் ஒன்று எடுக்க வேண்டிவரலாம் என்றார் டாக்டர். கழுத்து என்றால் தலைதான் முதலில் போகும், முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றும் மாட்டுவார்களாம்.

மேசையைச் சுற்றியிருக்கிற விரிப்பைத் துவைக்க எடுக்கட்டுமா என்று மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.