ஒரே நோட்டில் நான்கு கையெழுத்துகள்

என் மகளுக்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்னும், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவையே ஒதுக்கவைக்கும் உணவுக் கோளாறு இருப்பதாகத் தெரியவந்தபோது அவளுக்கு 15 வயது. ஏற்காட்டில் ஆசிரியையாகப் பணிபுரியும் எனக்கு, பிள்ளைகள் சாப்பிட அடம்பிடிப்பது புதிதன்று. ஆனால் கண்ணெதிரே உருகிக்கொண்டிருக்கும் பிள்ளை, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, வயிறு நெறஞ்சிருக்கு" என்று மனப்பூர்வமாக நம்பிச் சொல்வதை அதுவரை நான் கண்டதில்லை. அவளுடைய எடையையோ கலோரிக் கணக்கையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. இதே நோயோடு போராடும் இன்னொரு பிள்ளை அதைப் படிக்க நேர்ந்தால், அந்த எண் அவளுக்கு எட்டவேண்டிய இலக்காகிவிடும்.

முதல் எட்டு மாதங்களை நாங்கள் வீணாக்கினோம். வயிறு உப்புசம் என்று அவள் சொன்னதால் ஒருவர் அதற்கு மருந்து தந்தார். முடி கொட்டியதற்கு இன்னொருவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மாதவிடாய் நின்றதற்கு மூன்றாமவர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். அவரவர் பார்த்த பகுதியில் எவரும் அக்கறையின்றி நடந்துகொள்ளவில்லை. முழுப் பிள்ளையையும் ஒருசேரப் பார்க்கத்தான் யாரும் இருக்கவில்லை. கைகள் எப்போதும் சில்லென்றிருந்ததையும், முதுகில் பூனை முடி போன்ற மெல்லிய ரோமம் வளர்ந்திருந்ததையும் நான் மலைக்குளிரோடு சேர்த்துக் கணக்கில் எழுதிவிட்டேன்.

பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்த அன்று, சேலத்திலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த குழந்தைநல மருத்துவர், உடனே சேர்க்க வேண்டும் என்றார். பசியால் உடம்பு தன் தசைகளையே எரிக்கத் தொடங்கும்போது இதயமும் மெலிந்து, துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது என்பதை அவர் அன்றுதான் எங்களுக்கு விளக்கினார்.

இனிமேலாவது வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்கலாம் என்று எண்ணிய என் அம்மா, நெய் மிதக்கும் பொங்கலைத் தூக்குப்போசியில் கொண்டுவந்தார். டயட்டீஷியன் அதை மரியாதையோடு தடுத்துவிட்டு, "பாட்டி, இப்ப இதைக் கொடுத்தா ஆபத்து" என்றார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்து திடீரென்று நிறைய வந்தால், இன்சுலின் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் இதயமே தடுமாறும். ஆகவே தயாமின் (வைட்டமின் பி1) மாத்திரை கொடுத்து, தினமும் இரத்தப் பரிசோதனை செய்து, அந்த முடிவைப் பார்த்த பின்னரே அன்றைய உணவின் அளவைக் குழந்தைநல மருத்துவரும் டயட்டீஷியனும் சேர்ந்து தீர்மானித்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டு அடுத்த முடிவை எடுப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த 16 நாட்களில்தான்.

மருத்துவமனையை விட்டு வந்த பிறகு அப்படி ஓர் ஏற்பாடு எங்களுக்குத் தானாக அமையவில்லை. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசி, எப்படிப்பட்ட மருத்துவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பின்னர் சேலத்தில் ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியல் ஆலோசகர், முன்பு பார்த்த அதே குழந்தைநல மருத்துவர், அதே டயட்டீஷியன் என நால்வர் கிடைத்தனர். நால்வரும் நான்கு இடங்களில் இருந்தார்கள். அந்த இடைவெளிகளில்தான் நோய் உயிர்வாழ்ந்தது. குழந்தைநல மருத்துவர் ஓடலாம் என்று அனுமதித்ததாக டயட்டீஷியனிடமும், டயட்டீஷியன் பால் வேண்டாம் என்றதாக ஆலோசகரிடமும் என் மகள் சொல்லியிருந்தாள். அவளைப் பொய்க்காரியாக எவரும் நினைத்துவிட வேண்டாம். அது நோய் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்று ஆலோசகர் சொன்னபோதுதான் என் கோபம் தணிந்தது.

அதன்பின் ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஒவ்வொருவரையும் பார்த்து முடித்ததும், அன்று முடிவானதை அவர்களே அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நால்வரும் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை தொலைபேசியிலும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எடை பார்க்கும்போது அவளை எண்ணுக்கு முதுகுகாட்டி நிற்கவைப்பது என்ற வழக்கத்தைக்கூட எல்லா இடங்களிலும் ஒன்றுபோலவே கடைப்பிடித்தார்கள்.

இந்நோயை நேரடியாகத் தீர்க்கும் மாத்திரை எதுவும் இல்லை என்பதை மனநல மருத்துவர் முதல் நாளே தெளிவுபடுத்தினார். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், நல்ல உடல்நலமுள்ள 36 ஆண்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்து ஓர் ஆய்வு நடத்தினார்களாம். எந்த மனநோயும் இல்லாதிருந்த அவர்கள், சாப்பாட்டைப் பற்றியே ஓயாது நினைப்பவர்களாகவும், சோர்வும் எரிச்சலும் கொண்டவர்களாகவும் மாறிப்போனார்கள். என் மகளின் பிடிவாதம் என்று நான் கருதியதில் பெரும்பகுதி பட்டினியின் வேலை என்பதும், மூளைக்கு உணவு சென்றால்தான் ஆலோசகரின் பேச்சு உள்ளே இறங்கும் என்பதும் எனக்கு அப்போது விளங்கின. அதனால் உணவுப் பொறுப்பை முதலில் பெற்றோர் முழுமையாக ஏற்று, அவள் தேறத்தேறச் சிறிது சிறிதாக அவளிடமே திருப்பித்தரும் முறையை நால்வரும் சேர்ந்து பரிந்துரைத்தார்கள்.

நாளுக்கு மூன்று வேளை உணவு, மூன்று சிற்றுண்டி. சாப்பாட்டின்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது. முடிந்த பின் ஒரு மணி நேரம் நானோ அவள் அப்பாவோ உடனிருக்க வேண்டும். ஒரு இட்லிக்கு ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. "இன்னும் ஒரு வாய், கண்ணு, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாமலிருக்க ஆலோசகர் எனக்குப் பயிற்சி கொடுத்தார். கெஞ்சவும் கூடாது, மிரட்டவும் கூடாது.

மலைப்பயணமே ஒரு சிக்கலாக இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும் என்று காரணம் காட்டி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் காலை உணவைத் தவிர்த்துவந்தாள். குமட்டல் உண்மைதானே என்று நானும் விட்டுக்கொடுத்தேன். நோட்டில் அதைப் படித்த டயட்டீஷியன், அடிவாரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, டீக்கடை பெஞ்சில் அமர்ந்து டப்பாவைத் திறக்கவேண்டும் என்று எழுதினார். அதன்கீழே, அன்றைய சந்திப்பு தாமதமானாலும் பரவாயில்லை என்று மனநல மருத்துவர் எழுதினார். அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே காத்திருந்து நாங்கள் சேலம் போய்ச் சேர்ந்த சனிக்கிழமைகள் பல.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது என் வெள்ளிக்கிழமை விரதத்தை நிறுத்தியதுதான். மகள் நோயுற்ற பின் அவளுக்காகவே வேண்டிக்கொண்டு அதை இன்னும் கடுமையாக்கியிருந்தேன். பசியை அடக்குவதை உயர்ந்த செயலாக வீட்டில் தினமும் பார்க்கும் பிள்ளையிடம் நாம் வேறொன்றைச் சொல்கிறோம் என்று ஆலோசகர் கூறியபோது அழுதுவிட்டேன். அந்த ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய், விரதத்துக்குப் பதிலாக அவளும் நானும் கூழ் வாங்கிக் குடித்தோம்.

பதினொன்றாம் மாதத்தில், எந்த ஹார்மோன் மாத்திரையும் இல்லாமல், மாதவிடாய் திரும்பியது. இடையில் தேர்வு நேரத்தில் இரண்டு வாரம் மீண்டும் சறுக்கினாள். நோட்டு இருந்ததால் நால்வருக்கும் அதே வாரத்தில் தெரிந்துவிட்டது. இப்போது டயட்டீஷியனைப் பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகியிருக்கிறது. மதிய உணவை அவளே பரிமாறிக்கொள்கிறாள். இரவு உணவு இன்னும் என் பொறுப்பில்தான். ஓட்டப் பயிற்சிக்கு அனுமதி கேட்டிருக்கிறாள். அடுத்த இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகக் குழந்தைநல மருத்துவர் எழுதியிருக்கிறார், அதன்கீழே மற்ற மூவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.