பேக்கேஜ் மாடல் வாங்குவதற்குள்: ஒரு டிடிஆர்4 போர்டு சிமுலேஷன் அனுபவம்

சிமுலேஷன் காட்டும் அலைவடிவமும் ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) அளந்த அலைவடிவமும் ஒத்துப்போகவில்லையா? உடனே போர்டு லேஅவுட்டைக் குறை சொல்லாதீர்கள். சிப் கம்பெனி கொடுத்த ஐபிஸ் ஃபைலை (சிப்பின் பின்கள் மின்சார ரீதியாக எப்படி நடந்துகொள்ளும் என்று சிமுலேட்டருக்குச் சொல்லும் டெக்ஸ்ட் ஃபைல்) திறந்து, பேக்கேஜ் (சிப்பின் வெளிக்கூடு) பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் லேஅவுட் இன்ஜினியர் தன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார். ஆனாலும் ஒவ்வொரு மீட்டிங்கிலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கோளாறு அவர் போர்டில் இல்லை என்று காட்ட எங்களுக்குப் பல வாரம் பிடித்தது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பிராசஸர், அதை ஒட்டி டிடிஆர்4 மெமரி, வேகம் 2400 (ஒரு லைனில் விநாடிக்கு 2400 மெகாபிட்). அதாவது ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 417 பிகோசெகண்ட். ஸ்டாக்கப் (போர்டின் அடுக்கமைப்பு), டிரேஸ் இம்பீடன்ஸ், வயா (அடுக்குகளை இணைக்கும் துளை) மாடல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மெமரி சிப்பின் ஐபிஸும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனி ஆர், எல், சி (ரெசிஸ்டன்ஸ், இண்டக்டன்ஸ், கெபாசிட்டன்ஸ்) கொடுத்திருந்தார்கள். பாடு எல்லாம் பிராசஸர் பக்கம்தான்.

மெமரியிலிருந்து படிக்கும்போது, பிராசஸருக்கு அடியில் இருக்கும் வயாவில் ப்ரோப் வைத்துப் பார்த்தோம். சிக்னல் லோவிலிருந்து ஹைக்கு ஏறும் விளிம்பின் நடுவில் ஒரு படி தெரிந்தது. சிமுலேஷனில் அந்தப் படியே இல்லை, பதிலுக்கு உச்சியில் பெரிய ரிங்கிங் (சிக்னல் மேலும் கீழும் ஊசலாடுவது) இருந்தது. ‘எங்கேயோ ஸ்டப் (டிரேஸிலிருந்து கிளைத்து எங்கும் சேராத துண்டு) இருக்கிறது, ரூட்டிங்கை மாற்றுங்கள்’ என்று மேலிடத்தில் முடிவே கட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் முதல் எச்சரிக்கை. ஸ்கோப் பார்ப்பது பின்னை, சிமுலேட்டர் பெரும்பாலும் காட்டுவது டையை, அதாவது பேக்கேஜுக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டை. நடுவில் பேக்கேஜுக்குள் ஓடும் டிரேஸ் இருக்கிறது. அதன் தாமதம் 60 பிகோசெகண்ட் என்றால், டையில் பட்டுத் திரும்பும் அலை 120 பிகோசெகண்ட் கழித்துப் பின்னுக்கு வந்து சேரும். படி அங்கேதான் உண்டாகிறது. டையில் அது தெரியவே தெரியாது, ரிசீவருக்கும் அதனால் கெடுதல் இல்லை. ஆகவே ஒப்பிடும்போது சிமுலேட்டரின் ப்ரோப்பைப் பின்னுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். மாற்றியதும் எங்களுக்கும் படி வந்தது. ஆனால் அளவும் சரியில்லை, இடமும் சரியில்லை. ரிங்கிங்கும் குறையவில்லை. அதன் பிறகுதான் ஐபிஸ் ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் வரி வரியாகப் படித்தோம்.

ஐபிஸில் பேக்கேஜை விவரிக்கப் பல நிலைகள் உண்டு. எல்லாப் பின்னுக்கும் பொதுவாக ஒரே ஆர், எல், சி கொடுப்பது கடைசி நிலை. அதற்கு மேலே பின் பட்டியலில் ஒவ்வொரு பின்னுக்கும் தனி மதிப்பு. அதற்கும் மேலே, பின்களுக்கு இடையிலான கப்ளிங்கோடு மேட்ரிக்ஸாக வரும் தனிப் பேக்கேஜ் மாடல். எங்களுக்கு வந்த ஃபைலில் கடைசி நிலை மட்டும்தான் இருந்தது: எல் 6.5 நானோஹென்றி, சி 0.5 பிகோஃபாரட். நூற்றுக்கணக்கான பின்களுக்கும் இதே எண்கள்.

இப்படி ஒரு ஃபைல் கையில் வந்தால் கால்குலேட்டரில் இரண்டு கணக்குப் போடுங்கள். எல் மதிப்பை சி மதிப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இம்பீடன்ஸ். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தாமதம். எங்கள் எண்களுக்கு 114 ஓமும் 57 பிகோசெகண்டும் வந்தன. தாமதம் நம்பும்படி இருக்கிறது. 114 ஓம் எப்படி? ஃபிளிப் சிப் பேக்கேஜின் சப்ஸ்ட்ரேட்டில் டேட்டா லைனை 50 ஓம் பக்கத்தில்தான் வடிவமைப்பார்கள். ரிங்கிங் எங்கிருந்து வந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. அதோடு 57 பிகோசெகண்ட் தாமதத்தை ஒரே ஒரு எல், ஒரே ஒரு சி என்று சுருக்குவது, விளிம்பு நேரம் (சிக்னல் ஏற எடுக்கும் நேரம்) அதைவிடப் பல மடங்கு நீளமாக இருந்தால்தான் செல்லும். 100 பிகோசெகண்ட் விளிம்புக்கு அது செல்லாது.

சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டோம். இணையத்தில் இருக்கும் அதே ஃபைலின் லிங்கை அனுப்பி டிக்கெட்டை மூடிவிட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் அப்ளிகேஷன் இன்ஜினியருக்குப் போன் செய்தால், “சார், எல்லாரும் இதே ஃபைலைத்தான் யூஸ் பண்றாங்க, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார். விடாமல் கேட்டதில் ‘புதிய ஃபைல்’ ஒன்று வந்தது. அதில் பின்வாரியாக மதிப்புகள் இருந்ததும் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அது அதே டையின் பெரிய பேக்கேஜுக்கான ஃபைல். இரண்டு பேக்கேஜிலும் பால் (பேக்கேஜின் அடியில் பின்னாகச் செயல்படும் சாலிடர் உருண்டை) பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் சிமுலேட்டர் எந்தப் பிழையும் காட்டவில்லை. ஐபிஸ்செக் என்ற இலவசச் சரிபார்ப்பானும் ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் இலக்கணப்படி ஃபைலில் குறையே இல்லை. பின் பட்டியலின் மொத்த எண்ணிக்கை டேட்டாஷீட்டோடு ஒத்துவராததை வைத்துத்தான் பிடித்தோம். பட்டியலை எண்ணிப் பாருங்கள். நாலைந்து சிக்னல்களின் பால் இடத்தையாவது டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

அப்புறம் எஸ்-பாராமீட்டர் மாடல் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்னல் எவ்வளவு கடந்துபோகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று சொல்வது) வேண்டும் என்று கேட்டோம். அதற்கு என்டிஏ (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) கையெழுத்தாக வேண்டும். சட்டப் பிரிவு தாய் நிறுவனத்தின் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பியது. சப்போர்ட் போர்ட்டலில் எங்கள் கணக்கு இந்தியக் கிளையின் பெயரில் இருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. போர்ட்டல் கணக்கில் என்ன பெயர் இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அதே பெயரில் என்டிஏ போடுங்கள்.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். லேஅவுட் முடிந்த பிறகு வெளியான ஹார்ட்வேர் கைடின் புதிய பதிப்பில், டிடிஆர் பால்களுக்கான பேக்கேஜ் தாமதம் ஒரு பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஐபிஸின் எல், சி மதிப்புகளைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒவ்வொரு டேட்டா லைனுக்கும் அந்த அட்டவணைப்படி தாமதம் வைத்து, 50 ஓம் டிரான்ஸ்மிஷன் லைன் ஒன்றைக் கையாலேயே சேர்த்தோம். சிமுலேஷனில் ரிங்கிங் அடங்கியது. பின்னில் தெரிந்த படி, ஸ்கோப் காட்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. டையில் ‘கண்’ (பிட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்தால் நடுவில் தெரியும் இடைவெளி) நன்றாகத் திறந்திருந்தது. ரூட்டிங்கை மாற்றும் பேச்சு அன்றோடு நின்றது. லேஅவுட் இன்ஜினியர் அந்த இரண்டு அலைவடிவங்களையும் பிரின்ட் எடுத்து மீட்டிங்குக்குக் கொண்டுவந்தார்.

அதே அட்டவணை இன்னொரு உண்மையையும் காட்டிக்கொடுத்தது. ஒரே பைட்டுக்குள் ஒரு டேட்டா லைனின் பேக்கேஜ் தாமதம் 38 பிகோசெகண்ட், இன்னொன்றுக்கு 79. வித்தியாசம் 41, கிட்டத்தட்ட பிட் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. போர்டின் உள் அடுக்கில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 7 பிகோசெகண்ட் என்று வைத்தால், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீள வித்தியாசம். நாங்கள் போர்டில் அரை மில்லிமீட்டருக்குள் நீளத்தைப் பொருத்திக்கொண்டிருந்தோம்! மெமரி கன்ட்ரோலர் டிரெயினிங்கில் (தொடக்கத்தில் நேரத்தைத் தானே பொருத்திக்கொள்ளும் கட்டம்) சரிசெய்துகொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். பைட் அளவில் செய்யும். ஒவ்வொரு பிட்டுக்கும் தனியாகச் செய்வது எல்லாக் கன்ட்ரோலரிலும் கிடையாது. உங்கள் சிப்பில் பேக்கேஜுக்குள்ளேயே நீளம் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று லேஅவுட் தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொருத்தவில்லை என்றால் லேஅவுட் கருவியில் பின் தாமதத்தைப் பிகோசெகண்டில் கொடுங்கள், நீளமாகக் கொடுக்காதீர்கள். பேக்கேஜிலும் போர்டிலும் சிக்னலின் வேகம் ஒன்றல்ல.

கடைசியில் எஸ்-பாராமீட்டர் மாடல் டச்ஸ்டோன் ஃபைலாக வந்தது. ஒரு பைட்டுக்கு 8 டேட்டா, ஒரு மாஸ்க், ஒரு ஜோடி ஸ்ட்ரோப், ஆக 11 லைன், ஒவ்வொன்றின் இரு முனைக்கும் சேர்த்து 22 போர்ட். எந்தப் போர்ட் எந்த சிக்னல் என்று ஃபைலுக்குள்ளும் இல்லை, கூட வந்த குறிப்பிலும் இல்லை. 1-க்கு எதிர்முனை 2 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம்; இரண்டு வழக்கமும் நடைமுறையில் உண்டு. மிகக் குறைந்த அதிர்வெண்ணில் எந்த ஜோடிக்கு நடுவே இழப்பு பூஜ்யம் டெசிபலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால் எதிர்முனை தெரிந்துவிடும். ஆனால் எந்த முனை டை, எந்த முனை பால் என்பதும், எந்த வரிசை எந்த சிக்னல் என்பதும் அதில் தெரியாது. அதற்கு மறுபடியும் டிக்கெட்.

ஃபைல் 50 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கியது, டிசி (பூஜ்ய அதிர்வெண்) புள்ளியே இல்லை. சிமுலேட்டர் அதைத் தானாக ஊகித்துக்கொண்டதில் லோ நிலை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. டிடிஆர்4 டேட்டா லைன் விடிடிகியூவோடு (டேட்டா லைன்களுக்கான சப்ளை மின்னழுத்தம்) டெர்மினேட் ஆவதால், லோவில்தான் நிலையான மின்னோட்டம் ஓடும். அதனால் டிசி தவறு லோவில் தெரியும், ஹையில் தெரியாது. இதைப் பார்க்காமல் விட்டால் மார்ஜின் கணக்கு முழுதும் தப்பாகும். டிசி புள்ளியோடு எடுத்துத் தரச் சொல்லி வாங்கினோம்.

இன்னொன்று. எஸ்-பாராமீட்டர் மாடலோடு அனுப்பிய ஐபிஸிலும் அந்தப் பழைய 6.5 நானோஹென்றி, 0.5 பிகோஃபாரட் அப்படியே இருந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பேக்கேஜ் இரண்டு தடவை கணக்கில் வரும். கையால் செய்த மாடலோடு ஒப்பிட்டதால் அந்த இரட்டைத் தாமதம் உடனே கண்ணில் பட்டது. அந்த மாடல் இல்லாமல் இருந்திருந்தால் இதுவும் போர்டின் தலையில்தான் விழுந்திருக்கும். எஸ்-பாராமீட்டரைச் சேர்க்கும்போது ஐபிஸின் பேக்கேஜ் மதிப்புகளைப் பூஜ்யமாக்கச் சொல்லும் ஒரு வரிக் குறிப்பைக்கூட யாரும் தரவில்லை.

2019-இல் வந்த ஐபிஸ் 7.0, டச்ஸ்டோன் ஃபைலை ஐபிஸுக்குள்ளேயே இணைத்து, எந்த முனை டை பேடு, எந்த முனை பின் என்று குறிப்பிட வழி செய்திருக்கிறது. போர்ட் குழப்பமும் இரட்டைக் கணக்கும் அதில் வராது. சிப் வாங்கும் பேச்சு நடக்கும்போதே அந்த வடிவத்தில் மாடல் வேண்டும் என்று கேளுங்கள். ஆர்டர் போன பிறகு கேட்டால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

அடுத்த போர்டு பதிப்பில் பின் தாமதங்களைச் சேர்த்துவிட்டோம், டேட்டா லைன்கள் எல்லா வெப்பநிலையிலும் மார்ஜினோடு ஓடுகின்றன. அட்ரஸ் லைன்களுக்கு மட்டும் சரியான மாடல் இன்னும் வரவில்லை. அந்த டிக்கெட்டை மூட நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.